426 மைலுக்கு எத்தனை நிமிடம்?

சூரிச் விமான நிலையத்துக்கும் லண்டன் ஹீத்ரோவுக்கும் இடையே நேர்த்தூரம் 426 கடல் மைல். கிலோமீற்றரில் ஏறக்குறைய 790. பூமியின் வளைவோடு அளந்தால் கிடைக்கும் ஆகக் குறைந்த தூரம் இது. விமானப் பயணங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும் டிஸ்பாட்ச் அறையில் என் தொழில் வாழ்க்கை கழிந்திருக்கிறது. இந்தப் பாதைக்கு நான் போட்ட திட்டங்களில் ஒன்றுகூட 426 மைலில் அடங்கியதில்லை. 450 வரும், 465 வரும், சில நாள் 490ஐத் தொடும். நேரமும் அப்படித்தான். வானில் இருக்கும் நேரம் ஒரு நாள் ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம், இன்னொரு நாள் ஒன்றரை மணித்தியாலம். ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

எங்கள் வேலை வெளியில் அதிகம் தெரியாத வேலை. விமானி கடமைக்கு வந்து கையெழுத்திடும்போது பாதை, பறக்கும் உயரம், காற்று, எரிபொருள், இறங்க முடியாமற் போனால் திரும்ப வேண்டிய மாற்று நிலையம் எல்லாம் எழுதிய திட்டம் அவருக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே அது ஐரோப்பிய வான்போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் யூரோகன்ட்ரோலுக்குப் போய், ஏற்றுக்கொள்ளப்பட்டுத் திரும்பியிருக்க வேண்டும். அமெரிக்காவில் டிஸ்பாட்சரும் விமானியும் சட்டப்படி கூட்டுப் பொறுப்பாளிகள். ஐரோப்பாவில் கடைசி வார்த்தை விமானியுடையது. ஆனால் முதல் கணக்கு எங்களுடையது. அது பிழைத்தால், மேலே போன பிறகு அவருக்கு நல்ல தெரிவு எதுவும் மிஞ்சாது.

சூரிச்சில் உள்ள எங்கட ஆட்கள் கல்யாணம், சாமத்தியவீடு, செத்தவீடு, கோயில் தேர் என்று லண்டனுக்குப் போய்வந்தபடியே இருப்பார்கள். ஊரில் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓர் அக்கா ஒருமுறை ரிக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் கேட்டார்.

"தம்பி, போகேக்க ஏழு மணிக்கு வெளிக்கிட்டு ஏழு ஐம்பதுக்கு இறங்குது எண்டு போட்டிருக்கு. வரேக்க பத்து மணிக்கு ஏறினா பன்னிரண்டே முக்காலுக்குத்தான் சூரிச். இதென்ன கணக்கு?"

"லண்டன் மணி எங்களைவிட ஒரு மணித்தியாலம் பின்னுக்கு அக்கா."

"அது தெரியும். அந்த ஒரு மணித்தியாலத்தைக் கூட்டிக் கழிச்சாலும் அஞ்சு நிமிசம் உதைக்குதே."

சரியான கேள்வி. போவதற்கு ஒரு மணி 50 நிமிடம், வருவதற்கு ஒரு மணி 45. ஒரே தூரம், ஒரே வகை விமானம். பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நாங்கள் நாள் முழுக்கக் கணக்குப் பார்க்கிறோம்.

முதற் காரணம் காற்று. ஐரோப்பாவுக்கு மேலே, விமானங்கள் பறக்கும் 36,000 அடி உயரத்தில், காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே வீசும். ஊரில் கச்சான் என்போமே, அந்தத் திசைக் காற்று. குளிர்காலத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான உயர்வான் காற்று இந்தப் பக்கம் இறங்கிவரும்போது 90, 100 நொட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகம் சாதாரணம். லண்டனுக்குப் போகும் விமானத்துக்கு அது முகத்தில் அடிக்கும், வரும் விமானத்தின் முதுகில் தள்ளும். போகையில் இழப்பதை வருகையில் பிடித்துவிடலாம்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருபவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு நான் ஒரு தாளில் போட்டுக் காட்டுகிற கணக்கு இது. பாதையில் 300 மைல் உச்ச உயரத்தில் பறப்பதாக வைப்போம். விமானத்தின் சொந்த வேகம் 450 நொட். காற்றே இல்லாவிட்டால் 40 நிமிடம். 90 நொட் எதிர்க்காற்று என்றால் நிலத்தின் மேல் வேகம் 360 ஆகிவிடும், 50 நிமிடம். அதே காற்று பின்னால் இருந்தால் 540. 33 நிமிடத்துக்குச் சற்று மேல். போகையில் பத்து நிமிடம் போயிற்று, வருகையில் ஏழுகூடத் திரும்பவில்லை. எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் நெடுநேரம் நிற்கிறது. பின்காற்றில் விரைந்து வெளியே வந்துவிடுகிறது. ஆகவே காற்று எந்தப் பக்கம் வீசினாலும் போய்வரும் பயணத்தில் மொத்தமாக நட்டம்தான்.

இதனால் எங்கள் திட்டத்தாளில் இரண்டு தூரங்கள் இருக்கும். ஒன்று நிலத்தின் மேல் அளந்த தூரம். மற்றது காற்றுக்குள் அந்த விமானம் கடக்க வேண்டிய தூரம். மேலே சொன்ன எதிர்க்காற்று நாளில் 300 மைல், காற்றுக்குள் 375 மைல் ஆகிறது. எரிபொருள் எரிவது இந்த இரண்டாவது தூரத்துக்கு. எந்த வரைபடத்திலும் கிடைக்காத இந்தத் தூரம் நாளுக்கு நாள், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புதிய காற்றுக் கணிப்பு வரும்போதெல்லாம், மாறும்.

இரண்டாவது காரணத்தைச் சூரிச்சில் வேலை செய்தவர்கள் நன்றாக அறிவார்கள். இந்த விமான நிலையம் ஜேர்மன் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வடக்கிலிருந்து இறங்குவதென்றால் தெற்கு ஜேர்மனிக்கு மேலாகத் தாழ்ந்து வர வேண்டும். அங்குள்ளவர்கள் இரைச்சலை எதிர்த்ததால் ஜேர்மனி விதித்த கட்டுப்பாடு 2003 முதல் இன்றைய வடிவில் நடப்பில் இருக்கிறது: வேலை நாட்களில் இரவு 9 முதல் காலை 7 வரை, சனி ஞாயிறிலும் விடுமுறை நாட்களிலும் இரவு 8 முதல் காலை 9 வரை, அந்த வழியால் வழமையாக இறங்க முடியாது. அந்நேரங்களில் விடிகாலையில் தெற்கிலிருந்தும் இரவில் கிழக்கிலிருந்தும் இறங்குகிறார்கள். லண்டனிலிருந்து வரும் விமானம் வடமேற்கிலிருந்து வருகிறது. பகலில் வடக்கால் திரும்பி இலகுவாக இறங்கும். இரவு 9 தாண்டினால் விமான நிலையத்தையே கடந்து கிழக்கே போய்த் திரும்பி வர வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் கூடும். விமானத்திலும் காற்றிலும் ஒரு மாற்றமும் இல்லை. கடிகாரம் மட்டும் மாறியிருக்கிறது.

இதில் விடுமுறை என்பது ஜேர்மனியின் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்து விடுமுறை. ஜனவரி 6 அங்கே விடுமுறை, சூரிச்சில் வேலை நாள். சூரிச்சில் இறங்கும் நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் அயல்நாட்டின் ஒரு மாநிலக் கலண்டர் மேசையில் இருக்க வேண்டும். தங்கள் வீட்டுக் கூரைக்கு மேல் அமைதி வேண்டும் என்று கேட்ட அந்த மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்க முயன்றவனுக்கு அந்த அருமை தெரியும்.

நிலத்தில் போகும் நேரத்தைப் பயணிகள் கணக்கில் எடுப்பதேயில்லை. அட்டவணையில் அச்சாகும் நேரம், விமானம் சக்கரக் கட்டைகளை எடுத்து நகரத் தொடங்குவதிலிருந்து, மறுமுனையில் வந்து நிற்பது வரையானது. விமானம் தானாகவே எங்களுக்கு நான்கு செய்திகள் அனுப்பும்: அவுட், ஆஃப், ஆன், இன். நகர்ந்தது, நிலம் விட்டது, நிலம் தொட்டது, நின்றது. அவுட்டுக்கும் ஆஃப்புக்கும் இடையில் சூரிச்சில் 12, 15 நிமிடம் போகும். உறைபனி விழுந்த காலையில் இறக்கைகளைச் சூடான திரவத்தால் கழுவ வேண்டும். வரிசை நீண்டால் இன்னும் 20 நிமிடம். ஹீத்ரோவில் ஆனுக்கும் இன்னுக்கும் இடையில் 8 நிமிடம் போதும், நிறுத்துமிடம் காலியாக இருந்தால். அம்ஸ்ரர்டாமில் 2003இல் திறந்த போல்டர்பான் என்ற ஓடுபாதை முனையத்திலிருந்து அவ்வளவு தொலைவு. அதில் இறங்கினால் 15 நிமிடத்துக்கு மேல் நிலத்திலேயே உருண்டு வர வேண்டும். அம்ஸ்ரர்டாமுக்கும் லண்டனுக்கும் நேர்த்தூரம் 370 கிலோமீற்றர், வானில் முக்கால் மணித்தியாலம். நிலத்தில் உருள்வது அதில் மூன்றிலொன்று ஆகிவிடுகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் அட்டவணை நேரம் முடிவாகிறது. திட்டமிடல் பிரிவினர் சென்ற ஆண்டுகளில் இதே பருவத்தில், இதே மணியில் போன விமானங்களின் உண்மையான நேரங்களை வரிசைப்படுத்துவார்கள். பத்து விமானங்களில் ஆறோ ஏழோ அடங்குகிற ஓர் எண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள். இறுக்கிப் பிடித்தால் நாள் முழுக்கத் தாமதம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். தளர்த்திவிட்டால் விமானமும் ஆட்களும் சும்மா நிற்க, சம்பளம் ஏறும். குளிர்கால அட்டவணையில் லண்டன் போகும் நேரம் கூடுவதும், காலை ஏழு மணிச் சேவைக்கும் மதியச் சேவைக்கும் வேறு வேறு நிமிடம் இருப்பதும் இதனால்தான். வேண்டுமென்றே நேரத்தைக் கூட்டிப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வெறும் வான்நேரத்தை மட்டும் போட்டிருந்தால் அதுவே பொய்யாகியிருக்கும். ஆனால் ரிக்கற்றில் இரண்டையும் தனித்தனியே போட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். எவ்வளவு நேரம் பறக்கிறோம், எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று அறிந்துகொள்ளப் பணம் கட்டியவருக்கு உரிமை உண்டு.

ஸ்கொட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையில் ஒரு சேவை இருக்கிறது. தூரம் 2.7 கிலோமீற்றர், அட்டவணையில் 2 நிமிடம். உலகிலேயே மிகக் குறுகிய வழமையான விமானப் பயணம். காற்று கைகொடுத்த ஒரு நாளில் 53 விநாடியில் முடிந்திருக்கிறது. இரண்டு நிமிடப் பயணத்திலேயே காற்று பாதிக்கு மேல் பிடுங்கவோ கொடுக்கவோ முடியுமென்றால், இரண்டு மணித்தியாலப் பயணத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

நேர்த்தூரத்துக்குப் பயனே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நீதிமன்றத்தில் அதற்குத்தான் மதிப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி, விமானம் ரத்தானால் 1,500 கிலோமீற்றருக்குள் 250 யூரோ, ஒன்றியத்துக்குள் அதற்கு மேல் 400 யூரோ இழப்பீடு. மூன்று மணித்தியாலத் தாமதத்துக்கும் இது பொருந்தும் என்று 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஒரு வழக்கில், ரோமிலிருந்து பிரசல்ஸ் வழியாக ஹம்பேர்க் போன பயணிகள் நான்கு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் குறைவான தாமதத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ரோமுக்கும் ஹம்பேர்க்குக்கும் நேர்த்தூரம் 1,326 கிலோமீற்றர். பிரசல்ஸில் மாறிப் போனதால் இரண்டு துண்டுகளும் சேர்ந்து 1,656. எந்தத் தூரம் கணக்கு? 2017இல் நீதிமன்றம் நேர்த்தூரமே கணக்கு என்றது, 250 யூரோ. சட்டத்துக்கு அசையாத எண் ஒன்று வேண்டும். எங்கள் திட்டத்தாளில் உள்ள தூரங்களை நம்பியிருந்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இழப்பீடு கொடுக்க வேண்டியிருக்கும்.

நேரத்துக்கும் அதே போல ஒரு வழக்கு வந்தது. சால்ஸ்பேர்க்கிலிருந்து கொலோன்-பொன்னுக்கு ஒரு விமானம், அட்டவணைப்படி 14:40க்கு வந்து சேர வேண்டியது. தாமதமாகி, 17:38க்கு நிலம் தொட்டது. 17:43க்கு வந்து நின்றது. தொட்ட நேரம் என்றால் தாமதம் 2 மணி 58 நிமிடம், இழப்பீடு இல்லை. நின்ற நேரம் என்றால் 3 மணி 3 நிமிடம். 2014இல் வந்த தீர்ப்பு இரண்டையும் ஏற்கவில்லை: ஒரு கதவாவது திறந்து பயணிகள் இறங்கலாம் என்ற நேரமே வந்து சேர்ந்த நேரம். இந்தத் தீர்ப்பை வாசித்தபோது எனக்கு மனநிறைவாக இருந்தது. அடைபட்ட கூட்டுக்குள் இருக்கும்வரை பயணி தன் நேரத்துக்குத் தான் சொந்தக்காரனாக இல்லை. எங்கள் திரையில் ஓடும் நான்கு செய்திகளில் அந்தக் கதவு இல்லையே என்று முன்பே நான் யோசித்ததுண்டு.

பாதை வளைவதற்கு அரசியல் காரணமாக இருக்கும்போது கணக்கு இன்னொரு விதமாகிறது. சூரிச்சிலிருந்து கொசோவோவின் பிரிஷ்டினாவுக்கு நேர்த்தூரம் சுமார் 1,120 கிலோமீற்றர். சுவிஸில் கொசோவோ மக்கள் நிறைய இருப்பதால் கோடை விடுமுறையில் அந்த விமானங்கள் நிரம்பி வழியும். நேர்கோடு போட்டால் அது செர்பியாவின் மேலாகப் போகிறது. செர்பியாவிலிருந்து நேரே கொசோவோவின் வானுக்குள் நுழைய வழியில்லை. ஆகவே அட்ரியாட்டிக் கரையோரமாக இறங்கி மொன்ரநீக்ரோ, அல்பேனியா பக்கத்தாலோ, வடக்கு மசிடோனியா பக்கத்தாலோ சுற்றி நுழைய வேண்டும். 1999 போருக்குப் பின் மூடியிருந்த கொசோவோவின் மேல்வான் 2014 ஏப்ரலில்தான் கடந்து செல்லும் விமானங்களுக்குத் திறந்தது. ஹங்கேரியின் கட்டுப்பாட்டு நிலையம் அதை நிர்வகிக்கிறது. அந்தத் திட்டத்தைப் போடும் ஒவ்வொரு முறையும், போருக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர்களின் பிள்ளைகள் அதே போரைச் சுற்றிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள் என்ற நினைவு எனக்கு வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனுக்கு அதை வெறும் பாதையாகப் பார்க்க முடிவதில்லை.

ஹீத்ரோவுக்கு வருகிறேன். இரண்டே ஓடுபாதை, ஆண்டுக்கு 4,80,000 ஏற்ற இறக்கம் என்று உச்சவரம்பு. வரும் விமானங்களை நிறுத்திவைக்க லண்டனைச் சுற்றி நான்கு காத்திருப்பு வட்டங்கள்: பொவிங்டன், லம்போர்ன், பிகின், ஒக்கம். சூரிச்சிலிருந்து போவோருக்குப் பெரும்பாலும் பிகின். ஆயிரம் அடி இடைவெளியில் அடுக்கடுக்காகச் சுற்றுவார்கள். ஒரு சுற்றுக்கு நான்கு நிமிடம். அடியில் இருப்பவர் இறங்கப் போனதும் மற்றவர்கள் ஒவ்வொரு படி இறங்குவார்கள். எங்கள் ஏ320 விமானம் அப்படிச் சுற்றும்போது நிமிடத்துக்குச் சுமார் 40 கிலோ எரிபொருள் எரிகிறது. 20 நிமிடச் சுற்று என்றால் 800 கிலோ. சட்டம் கேட்கும் கடைசி 30 நிமிட இருப்பைத் தொடாமல் இதற்கு எங்கிருந்து எடுப்பது என்பதை நான் சூரிச்சில் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். கூட ஏற்றினால் அதைச் சுமக்கவே எரியும். இந்தத் தூரத்தில் ஆயிரம் கிலோ கூடுதலாகச் சுமக்க 30 கிலோ அளவில் போய்விடும்.

மாலை நேரம், லண்டனில் பலத்த மேல்காற்று என்று அறிவிப்பு வந்தால் விமானி அழைப்பார். பேச்சு சுருக்கமாகத்தான் இருக்கும். "பிகினில் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" "இருபது." "நான் முப்பதுக்கு எடுக்கிறேன்." "சரி, 400 கூட்டுகிறேன்." அவர் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை, நான் கேட்பதும் இல்லை. அந்த 400 கிலோ அன்றைக்குத் தேவைப்படாமலே போனாலும், அது இருக்கிறது என்று தெரிந்து பறக்கிற விமானி நிதானமாக முடிவெடுப்பார். செலவுக் கணக்கு எழுதும் மேசைக்காரர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பலத்த காற்றில் அங்கே என்ன நடந்தது என்றால், இறங்கும் விமானங்களுக்கு இடையே இத்தனை மைல் இடைவெளி என்று விதி இருந்தது. நான்கு மைல் இடைவெளி, 140 நொட் வேகம். காற்றில்லாத நாளில் 103 விநாடிக்கு ஒன்று இறங்கும். 40 நொட் எதிர்க்காற்றில் நிலத்தின் மேல் வேகம் 100 ஆகி, அதே நான்கு மைலுக்கு 144 விநாடி. ஒவ்வொரு விமானத்துக்கும் 41 விநாடி வீணாகும். ஒரு மணித்தியாலத்தில் அது பெரிய தேக்கம். 2015 மார்ச்சில் பிரித்தானியக் கட்டுப்பாட்டாளர்கள் மைலை விட்டுவிட்டு, இடைவெளியை விநாடியில் வைக்கத் தொடங்கினார்கள். பலத்த காற்று, முன்னால் போன விமானம் விட்டுச் சென்ற சுழலையும் விரைவாகக் கலைத்துவிடுவதால் நெருங்கி வருவதில் ஆபத்தும் இல்லை. அதற்கு ஓராண்டு முன்பே இன்னொரு ஏற்பாடும் வந்திருந்தது: 350 மைல் தொலைவிலேயே விமானத்தின் வேகத்தைக் குறைக்கச் சொல்லி, வட்டத்தில் சுற்றும் நேரத்தை மேலேயே கழிப்பது. சூரிச்சுக்கு அது ஏறக்குறையப் பாதை முழுவதும்தான். உச்ச உயரத்தை எட்டிய கையோடு, பிரான்சின் ரைன்ஸ் கட்டுப்பாட்டாளர் லண்டனுக்காக வேகத்தைக் குறைக்கச் சொல்வார்.

இந்த இரண்டும் வந்த பிறகு, புயற்காற்று நாட்களில் லண்டனுக்கு நான் கூட்டிப் போடும் எரிபொருள் குறைந்திருக்கிறது. மூடுபனிக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. ஓடுபாதையில் உள்ள இறங்கு கருவியின் அலைகளை எந்த விமானமும் மறைக்காதபடி இடைவெளியை அகலமாக விடத்தான் வேண்டும். அந்த நாட்களில் விமானி அழைக்கும்வரை நான் காத்திருப்பதில்லை; திட்டத்தில் முதலே கூட்டிவிடுகிறேன்.